கழுத்தில் கட்டிய அட்டை

"என்ன எழுதிட்டிருக்கே, டீச்சர்?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"குட்டியோட கழுத்துல கட்டுறதுக்கு அட்டைதான்க்கா."

"அது தெரியுது. அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன்."

முத்துக்கனி பேனாவை மைக்கூட்டில் தொட்டாள். பேனாவில் மை இருக்கத்தான் செய்தது.

"தூத்துக்குடியில கையால பின்னினதுன்னு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"அதுக்கு நாலு வரியா?"

"இங்கிலீஷ்ல நீளமாத்தான் வரும்."

மெட்டில்டா சிரித்தாள். "அதான் வெள்ளக்காரனுவ ஒரு சண்டைய அஞ்சு வருசமா இழுக்கானுவ. எம் பேரு உண்டா அதுல?"

"பேரு இல்லக்கா."

"போகட்டும். காதுகிட்ட கட்டிராத, சுருள் நசுங்கிப்போவும். தொண்டைக்குக் கீழ கட்டு."

சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஓலைக் கடகத்தை மேசைமேல் கவிழ்க்காமல், உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகள். வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்னி, இலவம்பஞ்சு அடைத்து, உள்ளங்கையில் நிற்கிற அளவில் இருந்தன. பன்னிரண்டும் நின்றன. பிறகு வெறும் கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

1944-ஆம் வருஷத்துத் தவசுகாலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், கைவேலைச் சங்கத்தின் கூடத்தில் நடந்த பேச்சு இது. அதில் முத்துக்கனி சொன்னது பொய். அட்டையிலிருந்த நாலு வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முத்துக்குளிக்கும் கரையில் வாழும் ஓர் ஏழை விதவை இந்த ஆட்டுக்குட்டியைப் பின்னினாள். அவள் கணவன் ஈஸ்டர் பெருநாளில் கொழும்பில் விழுந்த குண்டுக்குப் பலியானான். இதை வாங்குகிறவர் அவளுடைய கண்ணீரைத் துடைக்கிறார்.'

அந்தக் கரையில் யாரும் முத்துக்குளித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெட்டில்டாவின் கணவன் அம்புரோஸ் ஒருநாளும் முத்துக்குளித்தவன் இல்லை. தோணியில் சுக்கான் பிடிக்கிறவன். அவன் செத்துப்போனான் என்று மெட்டில்டாவின் முன்னால் யாரும் இரண்டாம் தடவை சொன்னதில்லை. முதல் தடவை சொன்னவர்கள் பட்ட பாடு அப்படி.

மெட்டில்டாவின் கோபம் கடற்கரைத் தெருவில் எல்லோருக்கும் பழக்கமானது. அவளுடைய அப்பா சங்கு குளித்துக் காது இரண்டும் போனவர். காது கேளாத மனிதரோடு பேசிப் பேசியே வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிதாகிவிட்டது. மெட்டில்டாவுக்குக் குரலோடு கோபமும் சேர்ந்தது. பத்து வயதில் கன்னியாஸ்திரீகளிடம் கொக்கி ஊசி பிடிக்கக் கற்றாள். ஒருநாள் பீடத்து விரிப்பின் ஓரத்தில் ஒரு பின்னல் கண் தவறிப்போனதென்று ஒரு சிஸ்டர் அந்த ஒரு சுற்றை மட்டும் பிரித்துவிட்டார். மெட்டில்டா மீதி முழுவதையும் தானே பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி, சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் போய் முதலிலிருந்து பின்னினாள். அதற்கு மேல் அவள் வேலையில் எவரும் கை வைத்ததில்லை.

ஆட்டுக்குட்டி விஷயத்திலும் அப்படித்தான். சென்னையில் யுத்த நிவாரணத்துக்காக ஈஸ்டர் சந்தை ஒன்று வைக்கப்போகிறார்கள், அதற்கு நாற்பத்தெட்டுக் குட்டிகள் வேண்டும் என்று சங்கத்துக்கு உத்தரவு வந்தது. மாதிரிக்கு ஒரு படமும் வந்தது. படத்தில் குட்டி கால்களை மடக்கிப் படுத்திருந்தது. மெட்டில்டா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது செத்த குட்டி. உயிர்த்த ஞாயித்துக்கிழமைக்கு எவனாவது செத்த குட்டிய வைப்பானா? என் குட்டி நிக்கும்."

நூலில் பின்னிய குட்டி நிற்காது, கால் துவண்டுவிடும். அவள் ஒவ்வொரு காலுக்குள்ளும் ஓர் ஈர்க்குத் துண்டைச் செருகினாள். மூக்கு நுனியில் ஆறு கண்ணில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் பின்னிக்கொண்டு போவாள். சுற்றை விரல்விட்டு எண்ணுவதில்லை. ஒரு சுற்றுக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். ஒரு குட்டி முடிவதற்குள் ஒரு ஜெபமாலை முடிந்து அடுத்ததிலும் நாலைந்து மணிகள் உருண்டுவிடும். ஜெபமாலையை என்ன கருத்துக்காகச் சொல்கிறோம் என்று தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். செத்தவர்களுக்குச் சொல்வது வேறு, உயிரோடிருப்பவர்களுக்குச் சொல்வது வேறு. மெட்டில்டா எல்லாக் குட்டிகளையும் கடலில் போனவர் கரை சேர வேண்டும் என்ற கருத்துக்குத்தான் பின்னினாள். அவற்றின் கழுத்தில்தான் அந்த அட்டை ஏறியது.

அம்புரோஸ் போனது 1942-ஆம் வருஷம் பங்குனி மாத நடுவில். கருவாடும் வெங்காயமும் ஏற்றிய தோணி. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் காலையில் கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது, தோணி எரிந்துபோனது. ஏழு பேரில் நாலு பேர் ஒரு மாதம் கழித்துத் தலைமன்னார் வழியாகத் திரும்பி வந்தார்கள். விடியற்காலைப் பூசைக்கென்று அம்புரோஸ் முதல் ஆளாகக் கரை இறங்கிப் போனதைப் பார்த்ததாக நாலு பேரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கரை இறங்கினவர் தோணியோடு எரிய முடியாது என்பது மெட்டில்டாவின் கட்சி. கரையிலும் குண்டு விழுந்ததே என்பது மற்றவர்களின் கட்சி.

ஆறு மாதம் பொறுத்து கோயில் உபதேசியார் வந்தார்.

"மெட்டில்டா, உடம்பு கெடைக்காட்டியும் பரவால்ல. வெறும் தூம்பா வச்சுப் பூசை வச்சிரலாம்னு சொல்லுதாவ." தூம்பா என்பது செத்தவரை வைத்துத் தூக்கிப்போகும் கோயில் பெட்டி. கடலில் காணாமல் போனவர்களுக்கு அதை வெறுமையாகவே தூக்கிப்போய்ச் சடங்கை முடித்துவிடுவார்கள். வீட்டுக்காரி தலையசைக்க வேண்டும். அதற்கப்புறம் தாலியைக் கழற்றவேண்டும்.

"யாருக்குப் பூசை?"

"அம்புரோசுக்குத்தான்."

"அவுக வந்து கேக்கட்டும், வைப்போம்" என்றாள் மெட்டில்டா.

அவள் தலையசைக்கவில்லை. சிவப்புக் கரைச் சேலை கட்டி, தாலி வெளியே தெரிய, ஞாயிறுதோறும் கோயிலில் முன்வரிசையில் போய் முழந்தாளிட்டாள். இரண்டு வருஷம் தெரு முழுக்கச் சேர்ந்து அவளைக் கைம்பெண்ணாக்கப் பார்த்தது, முடியவில்லை. அதை முத்துக்கனியின் கையெழுத்து ஒரு வாரத்தில் செய்து முடித்தது.

முத்துக்கனி ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த வன்னியபெருமாளின் மகள். தமிழும் இங்கிலீஷும் படித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலையில் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். பேசாமலிருப்பது பெண்ணுக்கு நல்ல குணம் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அந்தக் குணம் எவ்வளவு கெட்டது என்று அவளுக்குத் தெரியவந்தது அந்த வருஷம்தான்.

அட்டை வாசகத்தைச் சொல்லி எழுதச் சொன்னவர் சங்கத்துக் காரியதரிசி அருமைநாயகம். முத்துக்கனி முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"விதவைன்னு வேண்டாமே சார். மெட்டில்டாக்கா அப்படி இல்லையே."

"ரெண்டு வருஷமா அவன்கிட்டயிருந்து ஒரு கடுதாசி உண்டா?"

"இல்ல சார்."

"அவன் உசிரோட இருக்கத நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்போ எழுது. வெறும் ஆட்டுக்குட்டின்னா மெட்ராஸ்ல எவன் திரும்பிப் பாப்பான்? அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பின்னே அவளுக்கு என்ன வலிக்கப் போவுது?"

இதற்குப் பதில் சொல்ல முத்துக்கனிக்குத் தெரியும். இரண்டு பாஷையிலும் தெரியும். சொல்லவில்லை. நாற்பத்தெட்டு அட்டைகளையும் எழுதினாள். எழுத்து கொடி படர்ந்ததுபோல அழகாக இருந்தது என்று அருமைநாயகம் மெச்சினார். அந்த மெச்சல் நினைவுக்கு வரும்போதெல்லாம் தன் விரல்களைப் பிடித்து ஒடிக்கலாம் போல அவளுக்கு இருக்கும்.

முதல் இருபத்து நாலு குட்டிகள் சென்னைக்கு ரயில் ஏறின. மிச்சத்தை அனுப்புவதற்கு முன்னால், ஈஸ்டருக்கு எட்டு நாள் இருக்கையில், குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, துறைமுகத்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் வந்து பார்க்கட்டும் என்று கூடத்தில் மேசை போட்டு அடுக்கினார்கள். மெட்டில்டா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னிக் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. அவள் அதற்கும் சிவப்புக் கரைச் சேலைதான் கட்டிக்கொண்டு வந்தாள்.

வயதான துரைசாணி ஒருத்தி ஒரு குட்டியை எடுத்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. மேசையைச் சுற்றி வந்து, பின்னிக்கொண்டிருந்த மெட்டில்டாவின் கையை ஊசியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மெட்டில்டா விழித்தாள். துரைசாணி வீட்டு ஆயா சீனித்தாய் கூட வந்திருந்தாள்.

"அம்மா ரொம்ப வருத்தப்படுதாவ" என்றாள் சீனித்தாய்.

"எதுக்கு?"

"ஒன் புருசன் செத்துப்போனதுக்கு."

மெட்டில்டா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அவுகளுக்கு யாரு சொன்னா?"

"இந்தா, இதுல எழுதியிருக்காம்லா. கொழும்புல குண்டு விழுந்து செத்தாவளாம். நீ கைம்பொண்டாட்டியாம். இத வாங்குனா ஒன் கண்ணீரத் தொடச்ச மாதிரியாம்."

"என் கண்ணீர எவ பாத்தா?"

சீனித்தாய்க்கு அப்போதுதான் ஏதோ தப்பு நடந்திருப்பது புரிந்தது. "எனக்கென்னத்தத் தெரியும் தாயி, அம்மா படிச்சதச் சொன்னேன்" என்று இரண்டடி பின்னால் போனாள்.

மெட்டில்டா துரைசாணியின் கையை மெதுவாக விலக்கினாள். நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். மேசையின் ஒரு கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் அட்டையைக் கத்தரித்து மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். அவசரப்படவில்லை. ஒரு குட்டியின் சுருள்கூடக் கலையவில்லை. அருமைநாயகம் ஓடி வந்தார்.

"ஏளா, என்ன காரியம் பண்ணுதே? பெரிய ஆளுவ முன்னால."

"எம் புருசன் செத்துட்டாருன்னு எழுதச் சொன்னது யாரு?"

"கத்தாத."

"நான் கத்தல. நான் கத்துனா துறைமுகத்துல கேக்கும்."

"எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்."

"ஒம்ம பொஞ்சாதி வீட்டுல சொகமா இருக்காளா, அண்ணாச்சி?"

அருமைநாயகம் வெள்ளைக்காரக் குடும்பங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ செத்துட்டான்னு எழுதி ஒரு குட்டி கழுத்துல கட்டும். சீக்கிரமாப் போவும்."

மேசையோரம் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அருமைநாயகத்தின் முகம் கறுத்தது. "இனிமே இந்தச் சங்கத்துல ஒனக்கு ஒரு முழம் நூல் கெடையாது" என்றார்.

"ஒம்ம நூல நீரே கழுத்துல சுத்திக்கிடும். குட்டிகள வச்சுக்கிடும், அதுவ ஒரு பாவமும் பண்ணல."

அதன்பிறகுதான் அவள் ஒரு அட்டையை எடுத்து எழுத்தைப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாது, ஆனால் அன்றைக்கு டீச்சரின் மேசையில் பார்த்த எழுத்து எது என்று தெரியும். பின்னல்காரியின் கண் அது. தலையை நிமிர்த்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற முத்துக்கனியைப் பார்த்தாள்.

"ஒன் கையா?"

"ஆமாக்கா."

"தூத்துக்குடியில கையால பின்னினது."

 மெட்டில்டா கத்தியிருந்தால், இரண்டு அறை விட்டிருந்தால்கூட முத்துக்கனிக்கு நன்றாயிருந்திருக்கும். அவள் மடியை முடிந்துகொண்டு வெளியே போனாள்.

மெட்டில்டா இருபத்து நாலு அட்டைகளைக் கொண்டுபோனாள். ஆனால் சங்கதியைக் கொண்டுபோக ஆயிரம் வாய் இருந்தது. தெருவில் இத்தனை நாள் வெறும் ஊகமாக இருந்தது; இப்போது இங்கிலீஷில் எழுத்து இருக்கிறது என்று ஆகிவிட்டது. இங்கிலீஷில் எழுதியிருப்பவன் தெரியாமலா எழுதுவான்? கொழும்பிலிருந்து தாக்கீது வந்ததாகவும், அதைத்தான் சங்கத்தில் பார்த்து எழுதினார்கள் என்றும் இரண்டே நாளில் கதை முற்றிவிட்டது. புதன்கிழமை இரண்டு பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க மெட்டில்டா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவள் பாத்திரம் கழுவின தண்ணீரை அவர்கள் மேல் வீசினாள். மாலையில் உபதேசியார் வந்தார். எழுத்து வந்தபிறகும் அடம் பிடிப்பது சரியில்லை, பாஸ்கு கழிந்து அடுத்த சனிக்கிழமை தூம்பா வைத்துவிடலாம் என்று வாசலில் நின்றபடியே சொன்னார். என்ன எழுத்து என்று கேட்டாள் மெட்டில்டா. கொழும்பு எழுத்து என்றார் அவர். கொண்டுவந்திருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து நீட்டி, "இதுதான் அந்தக் கொழும்பு. மேசைக்கு இந்தப் பக்கம் எழுதுனது டீச்சர் புள்ள, அந்தப் பக்கம் சொல்லிக் குடுத்தது அருமைநாயகம்" என்றாளாம்.

இதெல்லாம் முத்துக்கனியின் காதுக்கு வந்தது. பெரிய வியாழக்கிழமை அவள் அருமைநாயகத்தின் முன்னால் போய் நின்றாள். சென்னைக்குப் போன இருபத்து நாலு அட்டைகளையும் அவிழ்த்துவிடச் சொல்லித் தந்தி கொடுக்கவேண்டும் என்றாள்.

"ஒரு பொம்மைக்காகத் தந்தியா? உனக்கென்ன கிறுக்கா?"

"ஒரு மனுசருக்காக சார்."

"நீயும் அவகூடச் சேந்துட்டியா? எழுதினது யாரு, நானா?"

"நான்தான். இனி எழுத மாட்டேன்."  வெளியே வந்து நடக்கும்போது, இத்தனை சின்னச் சொல்லை ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த மேசையருகில் சொல்லியிருக்கலாமே என்று தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் வந்த கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது.

பாஸ்குக்கு மறுநாள் பிற்பகல் அவள் மெட்டில்டா வீட்டுக்குப் போனாள். மெட்டில்டா கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பழைய தலையணை உறையைப் பிரித்த நூலில் பின்னிக்கொண்டிருந்தாள். இன்னொரு குட்டி, கழுத்துவரை வந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"என்ன, நீயும் துக்கம் கேக்க வந்தியா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்க்கா."

"அதச் சாமியார்கிட்டக் கேளு. அவுகதான் அத வச்சிருக்காவ."

"நான் உங்க கோயில் இல்லையே."

"அப்போ ஒனக்குப் போக்கிடமே இல்ல."

கொக்கி ஊசி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முத்துக்கனி வெயிலில் நின்றாள்.

"அவரு சொல்லித்தான் எழுதினேன்" என்றாள்.

"சரி. அவன் சொன்னான், நீ எழுதுனே. எங்கிட்டப் பொய் சொல்லுன்னு ஒனக்குச் சொன்னது யாரு?"

"யாருமில்ல."

"பின்னே ஏன் சொன்னே?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு."

மெட்டில்டா ஊசியை நிறுத்தினாள்.

"எனக்கு எது சங்கடம்னு நீ எப்படி முடிவு பண்ணுவே? இந்தத் தெருவுல ஒருத்தி வந்து அவரு செத்துட்டாருங்கா. இன்னொருத்தி வந்து, எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு, கண்டியில ஒரு எஸ்டேட்ல பாத்ததா ஒருத்தன் சொன்னாம்பா. ரெண்டும் பொய். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு ஆளாளுக்குப் பேசுதாளுவ. எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான், அவரு எங்கன்னு. மத்த எல்லாம் எனக்குத் தெரியும். அந்த அருமைநாயகம் மேல எனக்குக் கோவம். ஆனா அவன் என்னைய மனுசியா நெனைக்கல, விடு. நீ நெனச்சே. நெனச்சும் என்னைய ஒண்ணும் தெரியாத பிள்ளையாக்கிட்டே. இதுல எந்தக் கோவம் பெருசுன்னு நெனைக்கே?"

முத்துக்கனி சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லாமலிருந்தது பயத்தால் இல்லை; பதில் இருவருக்கும் தெரிந்திருந்தது.

மெட்டில்டா குட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு முழுத்தாளும் பென்சிலும் எடுத்து வந்தாள்.

"உக்காரு. கொழும்பு துறைமுகக் கச்சேரிக்கு ஒரு கடுதாசி எழுது. தமிழ்ல நாலு போட்டாச்சு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. இங்கிலீஷ்ல எழுதுனா எல்லாரும் நம்புதாவளே, அதுலயே எழுது."

அவள் சொல்லச் சொல்ல முத்துக்கனி எழுதினாள். அம்புரோஸ், தூத்துக்குடி, சுக்கான் பிடிக்கிறவர். வயது நாற்பது. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பாஸ்கு அன்றைக்கு நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்தார். விடியற்காலைப் பூசைக்குக் கரை இறங்கினார். கணவன் பெயரை வாயால் சொல்லாமல், உபதேசியார் எப்போதோ தமிழில் எழுதிக் கொடுத்திருந்த துண்டுத்தாளைக் காட்டினாள்.

"எழுதிட்டியா? இப்படி ஒருத்தர் அங்க இருக்காரான்னு கேளு. ஆஸ்பத்திரியில இருக்காரா, செயில்ல இருக்காரா, எங்கன இருந்தாலும் சரி."

"கேட்டுட்டேன்."

"செத்தவங்க பேரு எழுதி வச்சிருப்பாவல்லா, அதுல அவரு பேரு இருக்கான்னும் கேளு."

முத்துக்கனியின் பென்சில் நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக ஊரில் எவரையும் கேட்கவிடாத கேள்வி அது.

"எழுது" என்றாள் மெட்டில்டா. "நான்லா கேக்கேன். ஊரு கேக்கல."

முத்துக்கனி எழுதினாள். எழுதியதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினாள். மெட்டில்டா ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவையும் அதே சொற்கள் வருகின்றனவா என்று பார்த்தாள். பிறகு தாளை வாங்கி மடித்தாள். முகத்தில் கோபம் குறையவில்லை.

"பதில் வரும். வந்தா ஒங்கிட்டத்தான் கொண்டுட்டு வருவேன், எனக்கு வேற நாதி இல்ல. அதுல என்ன எழுதியிருக்கோ அத அப்படியே வாசி, டீச்சர். ஒரு சொல்ல மாத்திராத. ஒரு சொல்ல விட்டுராத. நான் அழுதேன்னு பாதியில நிறுத்திராத. கடைசி வரைக்கும் வாசிச்சிரு."